பாலைவனத்தில் மெதுவாக நகரும் இடிமழை ஏன் அதிக ஆபத்து?

"பாலைவனத்தில் ஒரு குறுகலான பாறைப் பள்ளத்தாக்குக்குள் நடக்கப் போகிறோம். முன்னறிவிப்பில் மழைக்கு 20 சதவீத வாய்ப்பு, இடிமழை மெதுவாக நகரும், திடீர் வெள்ளம் வரலாம் என்று இருக்கிறது. மெதுவாக வரும் மழை என்றால் ஒதுங்க நேரம் கிடைக்குமே? மணல் தண்ணீரைக் குடித்துவிடாதா?" இதுதான் நீங்கள் எழுதியது. பார்க்க இரண்டு மூன்று கேள்விபோல இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தால் அதை நம்பி இறங்கலாமா? நம்ப வேண்டாம். வானிலை படித்துவிட்டு, வறண்ட மலைப்பகுதிகளுக்கு முன்னறிவிப்பு எழுதும் வேலையில் பல கோடைகளை ரேடார் திரைக்கு முன்னால் கழித்தவன் நான். "மெதுவாக நகரும்" என்று எழுதும்போதெல்லாம், படிப்பவர் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்வாரோ என்ற கவலை எனக்கு இருந்துகொண்டே இருக்கும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு எளிய கணக்கு. ஒரு இடிமேகத்தின் அடியில் கனமழை கொட்டும் பகுதி 5 கிலோமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், ஒரு இடத்தைக் கடக்க 6 நிமிடம் போதும். அதே மேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் 30 நிமிடம் ஆகும். மணிக்கு 100 மி.மீ. என்ற அளவில் மழை கொட்டுகிறது என்றால், முதல் மேகம் அந்த இடத்தில் 10 மி.மீ. விட்டுவிட்டுப் போகும்; இரண்டாவது 50 மி.மீ. விட்டுவிடும். மேகம் ஒன்றுதான், அதிலுள்ள தண்ணீரும் ஒன்றுதான். வேகமாகப் போகும் மேகம் அந்தத் தண்ணீரைப் பல ஓடைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. மெதுவாகப் போகும் மேகம் ஒரே ஓடையில் கொட்டிவிடுகிறது. ஆபத்து முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மேகம் ஏன் நகராமல் நிற்கிறது? இடிமேகத்தைத் தள்ளிக்கொண்டு போவது தரைக்காற்று இல்லை, அதற்கும் மேலே சில கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்று. கோடையின் நடுவில் பெரிய உயர் அழுத்தப் பகுதி ஒன்று பாலைவனத்தின் மேல் வந்து உட்கார்ந்தால், அந்த மேல்காற்று ஏறக்குறைய அடங்கிவிடும். அதே நேரம் வெயிலில் காய்ந்த மலைச்சரிவுகள் கீழிருந்து காற்றை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். மேகம் உருவாகும் இடமும் அந்த மலை முகடுதான், அதைத் தள்ளிவிட ஆளும் இல்லை. அப்புறம் அது எங்கே போகும்? உருவான இடத்திலேயே கொட்டித் தீர்க்கும்.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். மேல்காற்று இல்லாத நாளில் உருவாகும் தனி மேகத்துக்கு ஆயுள் குறைவு. அதன் மழையோடு இறங்கும் குளிர்ந்த காற்று அதன் அடியிலேயே பரவி, மேலேறும் சூடான காற்றை வெட்டிவிடும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும். உண்மையான ஆபத்து அடுத்த மேகத்தில் இருக்கிறது. பழையது இறக்கிவிட்ட குளிர்காற்று சரிவில் மோதிப் புதிய ஈரக்காற்றை மேலே தள்ள, அதே முகட்டில் இன்னொன்று எழும், பிறகு மற்றொன்று. ரேடாரில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் வரும். பத்துப் படம் வந்த பிறகும் கனமழையைக் காட்டும் சிவப்புப் புள்ளி அதே மலையிடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால், அது ஒரே மேகமாக இருப்பது அரிது, வரிசையாக வரும் மேகங்கள். அந்த மாதிரி நேரத்தில் முன்னறிவிப்பாளர் எச்சரிக்கையை எழுதத் தொடங்கியிருப்பார். 1976 ஜூலை 31 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிக் தாம்ப்சன் பள்ளத்தாக்கில் நடந்தது இதன் உச்சம். கீழே கிழக்கிலிருந்து ஈரக்காற்று மலைமேல் ஏறியது, மேலே காற்று பலவீனம். இடிமழை நகரவில்லை. நான்கு மணி நேரத்தில் சுமார் 300 மி.மீ. கொட்டி, 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது பாலைவனம் அல்ல, மலைநாடு. ஆனால் மேகம் நின்றதற்கான காரணம் உங்கள் பள்ளத்தாக்குக்கும் அப்படியே பொருந்தும்.

சரி, மணலுக்கு வருவோம். மணல் தண்ணீரைக் குடிக்கும் என்பது மணல்மேட்டுக்கு உண்மை. ஆனால் பாலைவனத்தின் பெரும்பகுதி மணல்மேடு இல்லை. பாறை, சரளை, களிமண் படிந்த சமவெளி. நீங்கள் போகும் மாதிரிப் பள்ளத்தாக்குகளுக்கு மேலே இருப்பது பெரும்பாலும் வெறும் பாறைத்தளம், அது சிமெண்ட் தரை மாதிரி. மண் இருக்கும் இடத்திலும், பெரிய துளிகள் அடித்து நுண்ணிய களிமண்ணைக் கிளப்பி அது துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலே பொருக்குத் தட்டிவிடும். பல இடங்களில் ஒரு முழ ஆழத்துக்குள்ளேயே சுக்கான் பாறை படிந்திருக்கும். மரம் இல்லை, புல் இல்லை, இலைச்சருகு மெத்தை இல்லை, ஓடும் தண்ணீரைத் தடுத்து நிறுத்த எதுவுமே இல்லை. காய்ந்த மண் தண்ணீரை ஏற்காது என்று எங்கும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. காய்ந்த மண் முதல் சில நிமிடங்கள் நன்றாகவே உறிஞ்சும். மழை இறங்கும் வேகம் மண் குடிக்கும் வேகத்தைத் தாண்டும்போதுதான் மிச்சமெல்லாம் வழிந்து ஓடுகிறது. தண்ணீரை நிஜமாகவே விலக்கித் தள்ளுவது காட்டுத்தீ எரித்த சரிவு. அங்கே மண்ணில் மெழுகு போன்ற படலம் உருவாகி, சாதாரண மழைக்கே சேறும் பாறையும் கலந்து இறங்கும். மேற்புறத்தில் சமீபத்தில் தீ பிடித்த சரிவு இருந்தால் நான் கூறும் எல்லாவற்றையும் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மணல் வாதத்தில் உண்மை இருக்கும் இடம் ஒன்று உண்டு. வறண்ட ஓடையின் படுகை மணல் நிஜமாகவே தண்ணீரைக் குடிக்கும். ஈரமான நாட்டில் ஆறு கீழே போகப் போகப் பெருகும். பாலைவன ஓடையில் வெள்ளம் கீழே போகப் போகப் படுகைக்குள் இறங்கிச் சுருங்கும். அரிசோனாவில் டூம்ஸ்டோன் ஊருக்கு அருகே வால்நட் கல்ச் என்ற சுமார் 150 சதுர கிலோமீட்டர் ஆய்வுப் பகுதியில் 1950-களிலிருந்து மழைமானிகளை நெருக்கமாக நட்டு இதை அளந்து வருகிறார்கள். மேலே வந்த வெள்ளம் கடைசி அளவீட்டு இடத்தை எட்டாமலேயே மணலில் மறைந்துபோவதும் உண்டு. ஆனால் அது அகலமான, ஆழமான மணல் படுகையில். பாறையில் செதுக்கிய இடுக்கில் குடிக்க மணலும் இல்லை, பரவ இடமும் இல்லை.

இடுக்குக்குள் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் பத்து லட்சம் லிட்டர். மேலே 10 சதுர கிலோமீட்டர் பாறைப்பகுதியில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்து, அதில் பாதி மட்டும் ஓடி வந்தாலும் 25 கோடி லிட்டர். அதுவும் ஒரு மணி நேரத்துக்குச் சீராக வந்தால் நொடிக்கு 70 கன மீட்டர். இடுக்கின் அகலம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் அங்கே ஆழம் ஏழரை மீட்டரைத் தாண்டும், இரண்டு மாடி உயரம். நிஜ வெள்ளம் இப்படிச் சீராகவும் வராது, முன்பக்கமே குவிந்து வரும். இதெல்லாம் தாளில் போட்ட கணக்குதானே என்று தோன்றலாம். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில், கீஹோல் என்ற இடுக்குக்குள் இறங்கிய ஏழு பேரும் இறந்தார்கள். அன்று பூங்காவில் ஒரு மணி நேரத்துக்குள் பதிவான மழை சுமார் 16 மி.மீ. மட்டுமே. அருகில் ஓடும் வெர்ஜின் ஆற்றின் வடகிளையில் நீரோட்டம் கால் மணி நேரத்தில் நொடிக்கு ஒன்றரை கன மீட்டரிலிருந்து ஏறத்தாழ 75 கன மீட்டருக்கு ஏறியது. அதே நாளில், அதே வட்டாரத்தில் ஹில்டேல் என்ற சிற்றூரில் இரண்டு வண்டிகளை ஓடை அடித்துக்கொண்டு போய்ப் பெண்களும் குழந்தைகளுமாகப் 13 பேர் இறந்தார்கள்.

ஒரு நாளின் மொத்த மழையாகப் பார்த்தால் 16 மி.மீ.-ஐ யாரும் கனமழை என்று சொல்லமாட்டார்கள். அதனால்தான் எத்தனை மி.மீ. வரும் என்று கேட்பவரிடம், எத்தனை நிமிடத்தில், எந்தத் தரையில் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இனி தெளிவான வானம். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் பெய்தது. வெள்ளத்தைக் கொண்டுவந்த இடிமழை பல கிலோமீட்டர் தள்ளி, மேட்டுப்பக்கம் பெய்தது. உள்ளே இருப்பவருக்குத் தெரிவதோ தலைக்கு மேல் ஒரு முழ அகல வானம். அதில் மேகம் தெரியும்போது தண்ணீர் ஏற்கெனவே வழியில் இருக்கலாம்.

அந்தத் தண்ணீரின் வருகையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வறண்ட ஓடை ஒன்றின் கரை, நான் பாதுகாப்பான மேட்டில். என் மேல் சுள்ளென்று வெயில். தூரத்து மலையில் ஒரு கருமேகம், அவ்வளவுதான். முதலில் சத்தம் கேட்டது, லாரியிலிருந்து சரளைக் கல்லைக் கொட்டுவது போல, ஆனால் நிற்காமல். வளைவைத் திரும்பி ஒரு பழுப்பு நாக்கு வந்தது. அதைத் தண்ணீர் என்றே சொல்ல முடியாது: சுள்ளி, சருகு, நுரை, ஆட்டுப் புழுக்கை எல்லாம் உருண்டு புரண்டு வரும் ஒரு விளிம்பு. கணுக்கால் உயரம்தான், மனிதர் நடக்கும் வேகம்தான். அது தொட்ட இடத்தில் காய்ந்த மணலிலிருந்து காற்றுக் குமிழிகள் வெடித்துச் சீறின. இதைத் தாண்டிக் குதித்துவிடலாம் என்று எனக்கே தோன்றியது, அந்த எண்ணத்தை நான் மறக்கவே இல்லை. ஒரு நிமிடத்தில் அது முழங்கால் அளவு. ஐந்தாவது நிமிடம் படுகையில் இருந்த புதர்கள் ஒன்றும் தெரியவில்லை, கற்கள் ஒன்றோடொன்று மோதும் அதிர்வு கால் வழியாக ஏறியது. கடைசிவரை என்மேல் ஒரு துளி விழவில்லை. மழையின் மண்வாசனை மட்டும் தண்ணீரோடு வந்தது.

20 சதவீதத்துக்கும் இதே பதில்தான். அந்த எண் நீங்கள் நிற்கும் ஒரு புள்ளியில் அளக்கும்படியாக மழை விழும் வாய்ப்பைத்தான் கூறுகிறது. எவ்வளவு கொட்டும் என்று அது கூறுவதில்லை. தண்ணீர் உங்களிடம் வர உங்கள் புள்ளியில் மழை விழ வேண்டியதும் இல்லை. மேலே இருக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதியில் எங்காவது ஒரு மூலையில் விழுந்தால் போதும், அதற்கான வாய்ப்பு 20-ஐ விட அதிகம், பகுதி பெரிதாகப் பெரிதாக இன்னும் அதிகம். பாலைவன இடிமழை நாளில் ஐந்து பள்ளத்தாக்குகளில் நான்கு காய்ந்தே இருக்கும். அதனால் "நேற்றும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் வரவில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். முன்னறிவிப்பு பொய்த்ததாக அவர்களுக்குத் தோன்றுகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டியிருக்கும்.

எது உறுதி, எது சந்தேகம் என்று கேட்டால், இடிமழைக்கு வேண்டிய சேர்க்கைப் பொருள்களை ஒரு நாள் முன்பே நம்பிச் சொல்லலாம். காற்றில் ஈரம் எவ்வளவு, மேல்காற்று பலவீனமா, வெயில் தரையைப் போதுமான அளவு சுடுமா என்பதெல்லாம் தெரிந்துவிடும். இடிமழைப் பருவத்தின் தொடக்கத்தில் அடிக்காற்று மிகவும் வறண்டிருப்பதால், மேகத்திலிருந்து தொங்கும் மழை பாதி வழியிலேயே ஆவியாகி, மின்னலும் புழுதிக்காற்றும் மட்டும் கீழே வரும். நாள்கள் செல்லச் செல்ல அடிக்காற்று ஈரமாகும், துளிகள் முழுசாகத் தரையைத் தொடும். அப்படி ஈரம் ஏறியிருக்கும் நாளில் மேல்காற்றும் அடங்கினால் ஆபத்து நாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த முகடு, எந்த ஓடை, எத்தனை மணிக்கு என்று முந்தைய நாள் யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்வதாக ஒரு செயலி காட்டினால் நம்பாதீர்கள். மேகம் எழுந்த பிறகு அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு ரேடாரைப் பார்த்துச் சொல்லலாம். அந்த ரேடாருக்கும் கண் மறைவு உண்டு. கதிரை மலை மறைக்கும். தூரம் போகப் போகக் கதிர் உயரே போய்விடும், கீழே ஆவியாவது அதற்குத் தெரியாது. ஆலங்கட்டி இருந்தால் மழையை மிகையாகக் காட்டும். மழைமானியோ ஒரு புள்ளியின் சாட்சி மட்டும். 2010 ஆகஸ்டில் லடாக்கின் லே நகரம், ஆண்டுக்குச் சுமார் 100 மி.மீ. மழை பெறும் குளிர்ப் பாலைவனம், நள்ளிரவு வெள்ளத்தில் சிதைந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விமானப்படைத் தளத்தின் மழைமானியில் பதிவானது 12.8 மி.மீ. மட்டுமே. கொட்டிய இடம் வேறு. லேயில் மேகம் ஒரே இடத்தில் நின்றது என்றும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த நாள்களில் திபெத் பீடபூமிப் பக்கமிருந்து வந்த இடிமழைத் தொகுதிகள் அவை. முந்தைய மழை ஏற்கெனவே சரிவுகளை ஊறவைத்திருந்தது.

இன்னொரு சந்தேகம், பருவநிலை மாற்றம் இதை மோசமாக்குகிறதா என்பது. ஒரு டிகிரி சூடேறினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது உறுதியான இயற்பியல், ஆகவே ஒரு மேகம் கொட்டக்கூடிய உச்ச அளவு கூடுவதை எதிர்பார்க்கலாம். மேகங்கள் இன்னும் மெதுவாக நகருமா என்பது அந்தந்த இடத்தின் மேல்காற்றைப் பொறுத்தது. அதில் ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை.

இனி உங்கள் பயணம். கிளம்பும் முன் வரைபடத்தை எடுத்து, நீங்கள் நடக்கும் இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வரும் என்று விரலால் மேலே மேலே தடவிப் பாருங்கள். முன்னறிவிப்பை அந்த மேட்டுக்குப் பாருங்கள், கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்கு வேண்டாம். காலையிலேயே பருத்த மேகக் கோபுரங்கள் எழ ஆரம்பித்தால் கவனம். அவற்றின் உச்சி ஒரு பக்கமாக இழுபட்டால் மேல்காற்று இருக்கிறது என்று அர்த்தம்; குடை மாதிரி நாலாப்பக்கமும் சமமாகப் பரவினால் தள்ளும் காற்று இல்லை, அது அங்கேயே நிற்கப் போகிறது. அடியில் தொங்கும் மழைத்திரை தரையைத் தொடுகிறதா, கால் மணி நேரத்துக்குப் பிறகும் அதே இரண்டு சிகரங்களுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், அதனால் விடியலில் இறங்கி முற்பகலில் வெளியே வருவது நல்ல பழக்கம். ஆனால் அது கவசம் இல்லை. முந்தைய மாலை தொலைவில் பெய்ததன் வெள்ளம் இரவில் வந்து சேர்வது உண்டு, காய்ந்த படுகையில் கூடாரம் போடக் கூடாது என்று சொல்வது அதனால்தான். இடுக்குக்குள் கைப்பேசிச் சமிக்ஞை பெரும்பாலும் கிடைக்காது. எச்சரிக்கை வெளியானாலும் உங்களுக்கு வராது. ஆகவே முடிவை விளிம்பில் நின்று எடுக்க வேண்டும், உள்ளே போன பிறகு எடுக்க முடியாது.

உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, காற்றில்லாத இடத்தில் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ, யோசிக்காமல் ஏறுங்கள். ஓடையோடு கீழே ஓடாதீர்கள். தண்ணீர் உங்களை முந்தும். பையை விட்டுவிடுங்கள். சில மீட்டர் உயரம் கூட உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. முதல் அலை வடிந்ததும் இறங்கிவிடாதீர்கள். மேலே வெவ்வேறு கிளை ஓடைகளின் வெள்ளம் வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும், முதலாவதை விட இரண்டாவது பெரிதாக இருக்கலாம். வண்டியில் இருந்தால், ஓடும் நீர் சாலையைக் கடக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். 15 செ.மீ. வேகநீர் ஆளைச் சாய்க்கும், 30 செ.மீ. சிறிய காரை மிதக்க வைக்கும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். பழுப்பு நீருக்கு அடியில் சாலை இன்னும் இருக்கிறதா என்றே உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் எழுதிய அந்த முன்னறிவிப்பு, "மெதுவாக நகரும்" என்ற சொல்லோடு, அன்று காலையிலும் மாறாமல் இருந்தால் நான் அந்த இடுக்குக்குள் இறங்கமாட்டேன். மேலே விளிம்பை ஒட்டிய பாதை இருக்கிறதா என்று கேளுங்கள், அதையும் மின்னல் தொடங்கும் முன் முற்பகலில் முடித்துவிடுங்கள். பள்ளத்தாக்கை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.